கயிறு யார் கையில், பீ யார் கையில்?

விடிந்தும் விடியாத நேரம். மணியைக் கூட்டிக்கொண்டு தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வருகிறேன். மணி எங்கள் நாய். ஒரு கையில் அதன் கயிறு, இன்னொரு கையில் பழைய தினத்தாளில் சுருட்டிய பொட்டலம். வாசற்படியில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டாள்.

“கையில என்னாடி?”

“மணி பேண்டது.”

எழுந்து வந்து என் கையைத் தட்டிவிட்டாள். பொட்டலம் வாசலில் விழுந்தது. “இருவத்தியாறு வருசம் நான் அள்ளுனது பத்தாதா? இதுக்கா ஒன்ன எம்.ஏ. படிக்க வச்சன்? எங்கையோட ஒழியட்டும்னுதான வச்சன்?” என்றாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அம்மா துப்புரவுத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பதிலைத் தேடித்தான் இதை எழுதுகிறேன். தலித் அரசியல் பேச எவ்வளவோ இருக்க, நாய் பேலுவதும் காலைத் தூக்குவதும் ஒரு விஷயமா என்று தோழர்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஒருத்தர் வீட்டுக் கழிவு எந்த இடத்தில் விழுகிறது, எந்தக் கை அதை எடுக்கிறது என்பதைவிடச் சாதியை நேராகக் காட்டுகிற வேறு விஷயம் எனக்குத் தெரியவில்லை.

2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அலுவலகங்கள் வந்தன, அதிகாரிகள் வந்தார்கள். வயல் மனையானது, மனை நகரானது. நகர் வந்தால் பின்னாலேயே நாய் வரும். லேப்ரடார் வந்தது, ஜெர்மன் ஷெப்பர்ட் வந்தது. பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கிகூட வந்துவிட்டது. நம்ம ஊர் சித்திரை வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அது நடப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

அப்படியொரு நகரின் கடைசி வரிசையில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் வீட்டைத் தாண்டினால் முள்வேலி. வேலியைத் தாண்டினால் காலனிக்குப் போகிற மண்பாதை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது அதில்தான். விடியற்காலையில் துடைப்பத்தோடு பெண்கள் ஊரைக் கூட்டப் போவதும் அதில்தான். பாதி பேர் காலில் செருப்பு இருக்காது.

காலை ஐந்தரைக்கு நாய்கள் கிளம்பும். நான் தினமும் பார்க்கிறேன், நீங்களும் உங்கள் ஊரில் ஒரு வாரம் நின்று பாருங்கள். வீட்டைவிட்டு வெளியே வந்ததுமே நாய் காலைத் தூக்கப் பார்க்கும். பிடித்திருப்பவர் “நோ, நோ” என்று இழுப்பார். அது பக்கத்து வீட்டுக்காரர் கேட். அடுத்தது டாக்டர் வீட்டுச் சுவர், அங்கேயும் ஒரு இழுப்பு. கோலம் போட்ட வாசலில் இழுப்பு. பிள்ளையார் கோயில் திருப்பத்தில் ரெண்டு இழுப்பு. இப்படி மூத்திரத்தையும் மலத்தையும் வயிற்றிலேயே சுமக்க வைத்து, தெரு முழுக்க நடத்திக் கூட்டிவந்து, மண்பாதை ஆரம்பிக்கிற இடத்தில் கயிற்றைத் தளர விடுவார்கள். கயிறு தளருகிற இடம்தான் சேரி. வரைபடத்தில் தேடவேண்டியதில்லை.

அந்தப் பாதை முகப்பில் எங்கள் பையன்கள் ஒரு பெயர்ப்பலகை நட்டிருக்கிறார்கள். மேலே அண்ணல் படம். பலகையின் இரும்புக் கால் அடியில் துருவேறி அரித்துப் போயிருக்கிறது. மழை பெய்கிற நாட்கள் எங்கள் ஊரில் குறைவு. மூத்திரம் தினமும் பெய்கிறது.

ஒருநாள் கேட்டேவிட்டேன். “சார், இங்க விடாதீங்க. புள்ளைங்க நடக்குற பாதை.”

நல்ல உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கோபப்படவில்லை, சிரித்தார். “ஏம்மா, நாய்க்குத் தெரியுமா எது யாரு எடம்னு? அதுக்கு என்னா சாதியா, மதமா?”

“அள்ளிக்கிட்டாவது போங்க சார்.”

“அதுக்குத்தான் ஆளு வருதில்ல? சும்மாவா வருது, சம்பளம் வாங்குது.” அப்புறம் மணியை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இது என்னா ப்ரீடு, பரையாவா?”

தெருநாய்க்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் அது. ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரைத் தூக்கி நாய்க்கு வைத்தான். அவன் போய் எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் நாய் வளர்ப்பவர்கள் வாயைவிட்டு அது போகவில்லை. நாய்க்குச் சாதி கிடையாது என்று சொன்ன அதே வாய், அடுத்த வாக்கியத்தில் நாய்க்கு என் சாதியை வைத்துக் கூப்பிட்டது.

அவர் கேட்ட மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். முதலில், நாய்க்குத் தெரியுமா என்பது.

நாய் மூத்திரம் விடுவது இரண்டு விதம். மூத்திரப்பை நிறைந்தால் ஓரிடத்தில் நின்று, நீளமாக, முழுசாகப் பெய்யும். இது உடம்பின் தேவை. இன்னொன்று, நடக்க நடக்க நின்று, மோந்து பார்த்து, காலைத் தூக்கி நாலு சொட்டு விடுவது. அது சேதி. ‘நான் வந்தேன்’ என்று அடுத்த நாய்க்கு எழுதிவைப்பது. நட்டுக்க நிற்கிற எதுவும் அதற்குத் தோது: கம்பம், மரம், சுவர் மூலை, வண்டிச் சக்கரம், பலகையின் கால். அடுத்த நாயின் மூக்கு உயரத்துக்கு அங்கேதான் எழுத முடியும். கிடா நாய்தான் அதிகம் செய்யும், பொட்டை நாயும் செய்வதுண்டு. ஒரு நாய் எழுதிய இடத்தின்மேல் இன்னொரு நாய் எழுதும், அதன்மேல் இன்னொன்று. ஆக, முதல் நாள் எவரோ ஒருவர் கயிற்றைத் தளர்த்திய இடம், ஒரு மாதத்தில் நகர் நாய்களுக்கெல்லாம் தபால் பெட்டி ஆகிவிடுகிறது.

நாய்க்குச் சாதி தெரியாது. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாய்க்கு இடம் பழகும். டாக்டர் சுவரில் கூடாது, இங்கே செய்யலாம் என்று தினமும் கயிற்றால் பாடம் நடத்துகிறது ஒரு கை. அந்தக் கைக்கு எல்லாம் தெரியும். ஏழெட்டு இடத்தில் இழுக்கத் தெரிந்த கை, ஒன்பதாவது இடத்தில் ஒன்றும் அறியாததாக நடிக்கிறது.

இழுத்துப் பிடிக்க முடியும் என்றால் சரியாகவும் பழக்க முடியும். மணியை வைத்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். கால்நடை மருத்துவர் ஒருவரும் சொல்லித் தந்தார். பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. தூங்கி எழுந்ததும், தின்ற கொஞ்ச நேரத்திலும் நாய்க்கு முட்டும். குட்டி என்றால் விளையாடி முடித்ததும் முட்டும். அந்த நேரம் பார்த்துக் கூட்டிப் போக வேண்டும். வளர்ந்த நாயை ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவையாவது வெளியே விட வேண்டும். ஒரே தடவை கூட்டிவந்து ஊரெல்லாம் நாறடிப்பதற்கு நாய் பொறுப்பில்லை. நம் வீட்டுக் கொல்லையிலோ, வாசல் ஓரத்திலோ, ஆள் புழங்காத ஒரு மண்தரையிலோ ஒரே இடத்தைத் தேர்ந்துகொண்டு, முதலில் நேராக அங்கே போய்க் கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, பேசாமல் நிற்க வேண்டும். ஐந்து நிமிஷம். நாய் சுற்றிச் சுற்றி மோக்கும், விடுங்கள். போய் முடித்த உடனே தட்டிக்கொடுத்து ஒரு துண்டு ரொட்டி. அப்புறம்தான் நடை. முடித்ததும் வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டால், போனால் நடை போச்சு என்று புரிந்துகொண்டு அடக்கி வைக்கும். பல நாய்கள் அடக்குவதற்கு இதுதான் காரணம்.

வயிறு காலியான பிறகு நடையில் மிஞ்சுவது அந்த நாலு சொட்டுதான். அதையும் முழுக்கத் தடுக்கக் கூடாது, மோந்து பார்ப்பது நாய்க்கு நாம் பேப்பர் படிப்பது மாதிரி. நான் மூன்று இடம் வைத்திருக்கிறேன்: வேலியோர வேலமரம், காலிமனையில் இருக்கிற எல்லைக்கல், வாய்க்கால் கரையில் ஒரு குத்துக்கல். அங்கே கயிறு தளரும். வாசல், சுவர், வண்டி, சாமி, பலகை வந்தால் மூக்கைக் கொண்டுபோகும்போதே பேர் சொல்லிக் கூப்பிட்டு நடையை நிறுத்தாமல் கடந்துவிடுவேன். கால் தூக்கிய பிறகு வெடுக்கென்று இழுப்பதோ அடிப்பதோ கூடாது, பயந்து நம் முன்னால் போகவே மறுக்கும். தவறி எங்காவது பெய்துவிட்டால் ஊற்றிவிட ஒரு பாட்டில் தண்ணீர். காயடித்தால் பல கிடா நாய்களுக்கு இந்தப் பழக்கம் குறையும் என்கிறார் டாக்டர், எல்லாவற்றுக்கும் இல்லை. மணி ரெண்டு மாதத்தில் படிந்தது. தெருவில் கிடந்து எடுத்துவந்த நாய். அந்த சார் வாயில் ‘பரையா’ என்று விழுந்த நாய். அது கற்றுக்கொண்டதை, ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கிய நாயும் கற்றுக்கொள்ளும். கற்க மறுப்பது கயிற்றின் இந்த முனைதான்.

ஆள் நடமாடும் கடைத்தெருவுக்கு நாயைக் கூட்டிப் போகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ‘ரோடுதானே, யாருக்கும் சொந்தமில்லையே’ என்கிறார்கள். பிளாட்பாரத்தில் காலையில் கீரைக்கட்டு இறங்கும். செருப்புத் தைக்கிற தாத்தாவின் மரப்பெட்டி ராத்திரியும் அங்கேயேதான் கிடக்கும். கடை அடைத்த பிறகு அதே இடத்தில் ஆள் படுத்திருக்கும். பெட்டியும் மூட்டையும் நட்டுக்க நிற்பவை, நாய்க்குத் தோதானவை. கதவும் கேட்டும் இல்லாதவனுக்குத் தெருதான் வீடும் பட்டறையும். கேட் வைத்தவன் வீட்டை மட்டும் வீடு என்று எண்ணுகிறவர்களின் நாய், செருப்புத் தைக்கிறவர் பெட்டியில் கால் தூக்குகிறது.

‘நாய்ப் பீதானே, மாட்டுச் சாணி மாதிரி மண்ணுக்கு உரம்’ என்று ஒரு கட்சி உண்டு. சாணி வேறு, இது வேறு. நாய் மலத்தில் உருண்டைப்புழுவின் முட்டை இருக்கலாம், கொக்கிப்புழுவின் முட்டை இருக்கலாம். உருண்டைப்புழு முட்டை விழுந்த உடனே தொற்றாது. மண்ணில் ரெண்டு மூன்று வாரம் கிடந்து முதிர்ந்த பிறகுதான் தொற்றும். மண்ணில் விளையாடிவிட்டுக் கையைக் கழுவாமல் வாயில் வைக்கிற பிள்ளைக்குப் போய்ச் சேரும், கண்ணைக்கூடப் பாதிக்கும். கொக்கிப்புழு முட்டை மண்ணில் பொரித்து, வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறும். எலிக்காய்ச்சல் என்று சொல்கிறோமே, அந்தக் கிருமி எலி மூத்திரத்தில் மட்டுமில்லை, நோய் கண்ட நாயின் மூத்திரத்திலும் வரும். ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் பிழைத்திருந்து, காலில் இருக்கிற வெடிப்பு வழியாக உள்ளே போகும். அன்றன்றைக்கே அள்ளிவிட்டால், நாய்க்குப் புழு மருந்தும் தடுப்பூசியும் ஒழுங்காகப் போட்டால், இதில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது. அள்ளாமல் விட்டால் யாருக்கு வரும்? ஷூ போட்டுக்கொண்டு நாயைப் பிடித்திருப்பவருக்கா, துடைப்பத்தோடு வெறுங்காலில் வருகிற அம்மாவுக்கா?

இரண்டாவது பதில், ‘ஆளு வருதில்ல, சம்பளம் வாங்குது’ என்பதற்கு.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். மலையாளிப் பழங்குடி. மேற்கே ஒரு பெரிய ஊரில், தோட்ட வீட்டு வேலைக்கு என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். போன பிறகுதான் தெரிந்தது, தோட்டத்தோடு ரெண்டு நாயும் அவன் தலையில். காலை மாலை நடத்த வேண்டும், அது போகிறதை அள்ள வேண்டும், வராந்தாவில் பெய்தால் கழுவ வேண்டும். இதற்குத் தனியாக ஒரு பைசா கிடையாது. ஞாயிற்றுக்கிழமை முதலாளி தானே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பாராம். இவன் நாலடி பின்னால் பையோடு போகவேண்டுமாம்.

“எங்க மலையில நாயிக்குக் கவுறே கெடையாதுக்கா. காட்டுக்குக் கூட வரும், சாமைக் கொல்லைய காக்கும், எங்கியோ போயி பேண்டுட்டு வரும். நாங்க நாயி பின்னால போனதே இல்ல. அந்த ஊருலதான் ஒரு மனுசன் பின்னால நானும், நாயி பின்னால அந்த மனுசனும் போனோம்” என்றான். ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிட்டான்.

அந்த மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. மலைமக்கள் அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்தார்கள். வெட்டி வேலை என்று அதற்குப் பெயர். ஜாகீர் போய் அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. சமைக்க வந்த பெண்ணிடம் “அப்படியே நாயக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போம்மா” என்று கயிற்றைக் கொடுக்கிறபோது, அந்த ‘அப்படியே’ என்கிற சொல்லுக்குள் ஜாகீர் உயிரோடு இருக்கிறது. துப்புரவுத் தொழிலாளி வாங்குகிற சம்பளம் தெருவைக் கூட்ட. உங்கள் நாயின் பீயை அள்ள எவரும் அவருக்குத் தனிக்கூலி பேசவில்லை. அதுவும் வெட்டிதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 1993இல் ஒன்று வந்தது, 2013இல் இன்னொன்று வந்தது. இரண்டும் பேசுவது மனித மலத்தைப் பற்றி. நாய் மலத்தைக் கையால் அள்ள வைத்தால் அந்தச் சட்டம் வாய் திறக்காது. உலர்கழிப்பிடத்தின் கொடுமையும் இதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, அது வேறு நரகம். ஆனால் இரண்டு இடத்திலும் குனிகிற முதுகு ஒரே தெருவிலிருந்து வருகிறது. இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் நாய் வளர்ப்பவர்களுக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்கும் வழிகாட்டுதல் வெளியிட்டது. அள்ளச் சொல்லி வேண்டிக்கொள்ளலாம், ஆனால் அதற்கென்று சட்டம் இல்லாத இடத்தில் சங்கங்கள் கட்டாயப்படுத்தவோ அபராதம் போடவோ கூடாது என்றது. நாய்க்காரருக்கு வேண்டுகோள், துப்புரவுத் தொழிலாளிக்கு உத்தரவு. நாம் பார்க்காத பாகுபாடா இது!

நியூயார்க் நகரத்தில் வெகுகாலம் ‘நாயைச் சாக்கடை ஓரமாக இருக்க வையுங்கள்’ என்று பலகை வைத்துப் பார்த்தார்கள். நடைபாதை தப்பியது, சாக்கடை ஓரம் நாறியது, கூட்டுகிறவன் தலையில் விழுந்தது. 1978 ஆகஸ்டில் சட்டம் நடைமுறைக்கு வந்தது: நாய் யாருடையதோ அவரே அள்ள வேண்டும், அள்ளாவிட்டால் அபராதம். நாய்க்காரர்கள் முதலில் கத்தினார்கள். அப்புறம் குனிந்தார்கள். அங்கே இனவெறி இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால், பீ அள்ளுவதற்கென்றே பிறந்த சாதி ஒன்று இருக்கிறது என்கிற நம்பிக்கை அந்த ஊர் நாய்க்காரருக்கு இல்லை. நம் ஊர் நாய்க்காரருக்கு அந்த நம்பிக்கை ரத்தத்தில் ஓடுகிறது. அதனால்தான் முதுகு வளையமாட்டேன் என்கிறது.

2025 ஆகஸ்ட் மாதத்தை நினைத்துப் பாருங்கள். 11ஆம் தேதி, டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். நாடே ரெண்டுபட்டது. தொலைக்காட்சியில் அழுதார்கள், ஊர்வலம் போனார்கள். 22ஆம் தேதி உத்தரவு திருத்தப்பட்டது. அதே நாட்களில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுத் தொழிலாளர்கள், தங்கள் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. நாய்க்காக அழுததைக் குறை சொல்லமாட்டேன், நானும் நாய் வளர்க்கிறவள்தான். என் காதுக்கு எட்டியவரை, அந்த நாய்ப் பேச்சு அத்தனையிலும் வளர்ப்பு நாயின் பீயை யார் அள்ளுவது என்கிற கேள்வி மட்டும் வரவே இல்லை.

இந்த மௌனம் பழையது. மனு நூலின் பத்தாம் அத்தியாயம் சண்டாளரையும் சுவபசரையும் ஊருக்கு வெளியே குடிவைக்கிறது. அவர்களுக்குச் செல்வம் நாயும் கழுதையும்தான் என்று விதிக்கிறது. சுவபசர் என்றால் நாயைச் சமைப்பவர். நம்மை அசிங்கப்படுத்த நாயைத் துணைக்கு அழைத்தார்கள். 1927இல் மகாத் குளத்துக்கு அண்ணல் நடந்தபோதும் நிலைமை அதுதான், ஆடுமாடும் நாயும் குடிக்கிற தண்ணீரை மனிதன் தொடக்கூடாது. தென்மாவட்டங்களில் சில ஊர்களில் தலித்துகள் கிடா நாய் வளர்க்கக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்ததையும் கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. நம் கிடா நாய் ஊர்த்தெருப் பொட்டை நாயோடு சேர்ந்துவிடக் கூடாதாம். இன்றைக்கு நாய் ஊருக்குள் போய்விட்டது. ஏ.சி. அறையில் தூங்குகிறது, சோபாவில் ஏறுகிறது, பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறது. சந்தோஷம், ஒரு ஜீவனாவது தீட்டிலிருந்து தப்பித்ததே. அதோடு சேர்த்து ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள் மட்டும் இன்னும் வெளியேதான். அதன் பீ மட்டும் தினமும் வெளியே எங்களைத் தேடி வருகிறது.

இனி அம்மாவுக்கான பதில். மூன்று பதில்களில் இதுதான் கஷ்டமானது.

அம்மாவின் பக்கம் நியாயம் இருக்கிறது. நான் அள்ளுவதை எங்கள் வீட்டுக்காரர் மாடியிலிருந்து பார்த்திருக்கிறார். வீடு கேட்டு வந்தபோது கேட்காத கேள்வியை மறுநாள் கேட்டார்: “நீங்க எந்த ஆளுங்கம்மா?” சொன்னேன். மறு மாதம், மகன் வருகிறான், பங்குனிக்குள் காலி பண்ணிக் கொடுங்கள் என்றார். “பாத்தியா? பேச்ச வச்சிக் கண்டுபுடிக்கல, படிப்ப வச்சிக் கண்டுபுடிக்கல. அள்ளுன கைய வச்சிக் கண்டுபுடிச்சிட்டான்” என்றாள் அம்மா. அவர் புத்தியில், தன் நாயின் பீயைத் தானே அள்ளுகிறவள் வேறு எந்தச் சாதியாகவும் இருக்கமுடியாது.

அப்படியென்றால் அள்ளாமல் விட்டுவிடலாமா? படித்த நாம், வேலைக்குப் போன நாம், நாய் வளர்க்கிற நாம், ‘இனிமே இந்தக் கை தொடாது’ என்று சபதம் போட்டு மண்பாதையில் கயிற்றைத் தளர்த்தினால், காலையில் வந்து அள்ளப்போவது யார்? இன்னொரு அம்மா. சாதி இந்துவின் வசதியை நாமும் வாங்கிக்கொள்வதற்குப் பெயர் விடுதலை இல்லை. துப்புரவை ஒரு தவமாக, சேவையாக உயர்த்திப் பேசினார் காந்தி. அந்தப் பேச்சு எனக்கு வேண்டாம், அந்தப் புகழ்ச்சி எதற்கு என்று அம்பேத்கர் அன்றைக்கே தோலுரித்துவிட்டார். இதில் புண்ணியமும் கிடையாது, புனிதமும் கிடையாது. ஒரு பழைய பேப்பர், ஒரு நிமிஷ வேலை. அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவினால் முடிந்தது. இழிவு மலத்தில் இல்லை. அடுத்தவன் கழிவை, நீ இன்ன சாதி என்பதற்காக உன்னை அள்ள வைப்பதில்தான் இழிவு இருக்கிறது. என் நாயின் மலத்தை நான் அள்ளுவதில் அது கிடையாது.

அள்ளினால் மட்டும் போதாது, எங்கே போடுகிறோம் என்பதும் இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுச் சுத்தமாகிவிட்டதாக நினைக்கிறார்கள். அந்தப் பையைப் பிரித்துத் தரம் பிரிப்பது யார் கை? பேப்பரில் எடுத்துவந்து மலத்தை நம் வீட்டுக் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் விடலாம். கொல்லை இருந்தால் கிணற்றுக்கும் காய்கறிப் பாத்திக்கும் தள்ளி, ஒரு அடி ஆழம் தோண்டிப் புதைக்கலாம். நம் வாசலோடு முடிய வேண்டும், அடுத்தவர் கைக்குப் போகக் கூடாது.

காலனிப் பையன்களுக்குக் கோபம். ஒரு வாரம் சேர்த்து வைத்து, எந்த வீட்டு நாயோ அந்த வீட்டு கேட்டிலேயே கொண்டுபோய்க் கொட்டுவது என்று திட்டம் போட்டார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. கலகம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தோன்றியது. அம்மாதான் தடுத்தாள். “கொட்டுங்கடா, நல்லாக் கொட்டுங்க. விடிஞ்சா அந்த வீட்டுக்காரன் அள்ளுவான்னு நெனைக்கிறீங்களா? தொடப்பத்தோட அஞ்சலை வருவா. அவளத்தான் கூப்புட்டு அள்ளச் சொல்லுவான்.” பையன்கள் வாயடைத்துப் போனார்கள். இத்தனை வருஷம் கூட்டங்களில் பேசுகிற எனக்கும் அது தோன்றவில்லை.

ஆகவே கொட்டவில்லை. பையன்கள் பலகையின் அரித்துப்போன காலை மாற்றினார்கள், சுற்றிலும் சிமெண்டுத் திண்டு கட்டினார்கள். திண்டில் வெள்ளைப் பெயிண்டில் எழுதினார்கள்: கயிறு பிடித்த கையே அள்ளட்டும். காலை ஐந்தரைக்கு முறை போட்டு ரெண்டு பேர் அங்கே நிற்கிறார்கள். சத்தம் இல்லை, சண்டை இல்லை. நாயோடு யார் வந்தாலும் ஒரு பழைய பேப்பரை நீட்டுகிறார்கள். முதல் நாள் ஒருவர் வாங்கி, குனிந்து, அள்ளினார். ஆசிரியராம். ரெண்டு பேர் திட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர் பேப்பரை வாங்கி, கூட வந்த வேலைக்காரப் பெண்ணிடம் கொடுத்தார். பையன்கள் அந்தப் பேப்பரைத் திருப்பி வாங்கிக்கொண்டு மறுபடி அவர் கையிலேயே கொடுத்தார்கள்.

துப்புரவுச் சங்கங்கள், மாணவர் அமைப்புகள், எழுதுகிற தோழர்கள் எல்லோரையும் கேட்கிறேன். நாய் வளர்ப்பவரே அள்ள வேண்டும் என்பதை வேண்டுகோளாக அல்ல, அபராதத்தோடு கூடிய விதியாக ஒவ்வொரு நகராட்சியிலும் பேரூராட்சியிலும் கேளுங்கள். துப்புரவுத் தொழிலாளியின் வேலைப் பட்டியலில் நாய் மலம் கிடையாது என்று எழுத்தில் வாங்குங்கள். வீட்டு வேலைக்குப் போகிற பெண்களிடம் சொல்லுங்கள், கயிறு கைக்கு வந்தால் கூலியும் சேர்ந்து வர வேண்டும். நம்மில் நாய் வளர்ப்பவர்கள் முதலில் குனியுங்கள்.

அம்மா இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. நேற்று நான் பொட்டலத்தோடு வந்தபோது தட்டிவிடவில்லை. “சோப்பு போட்டுக் கழுவு” என்று மட்டும் சொன்னாள். தண்ணீரும் அவளே மொண்டு ஊற்றினாள்.

அந்த ஓய்வு பெற்ற சார் பத்து நாளாக எங்கள் பாதைப் பக்கம் வருவதில்லை. நாயைக் கூட்டிக்கொண்டு வேறு வழியாகப் போகிறார் என்றார்கள். அந்த வழி எந்தக் காலனியில் போய் முடிகிறது என்று நாளைக் காலையில் போய்ப் பார்க்க வேண்டும். நாலு பழைய பேப்பர் எடுத்து வைத்திருக்கிறேன்.